பெரிபேட்டஸ் உண்மையிலேயே இணைப்பு உயிரிதானா?

காசிமேடு ஆசிரியை:
வணக்கம். காசிமேட்டில் மாலை வேளைகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறேன். மண்புழு போன்ற வளைதசைப் புழுக்களுக்கும் மரவட்டை, பூச்சி போன்ற கணுக்காலிகளுக்கும் இடைப்பட்ட இணைப்பு உயிரி, புழு உடலும் பல குட்டைக் கால்களும் கொண்ட பெரிபேட்டஸ் என்று, நான் படித்தபடியே கற்பித்தேன். மழை விட்டபின் சுவரில் ஊர்ந்த மரவட்டையைக் காட்டி, "மண்புழு மாறி மாறித்தான் இது வந்ததென்றால், நடுவில் இருந்தது மட்டும் ஏன் அப்படியே நின்றுவிட்டது, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. அந்த உயிரி நம் நாட்டில் உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

வியாசர்பாடி விலங்கியல் மாணவர்:
அம்மா, உங்கள் மாணவியின் ஐயம் முற்றிலும் நியாயமானது. பெரிபேட்டஸ் உள்ளிட்ட வெல்வெட் புழுக்கள் மரவட்டைக்குப் பாட்டி அல்ல, பங்காளி. மரபணு ஒப்பீட்டின் அடிப்படையில் 1997-இல் முன்வைக்கப்பட்டு, இன்று பெரிதும் ஏற்கப்பட்டுள்ள வகைப்பாட்டின்படி, இவையும் கணுக்காலிகளும் தோலுரித்து வளரும் விலங்குகளின் கிளையைச் சேர்ந்தவை. மண்புழுவோ நத்தைகள் அடங்கிய வேறொரு பெருங்கிளையில் இருக்கிறது. உருவம் ஏமாற்றும் என்பதற்கு இவ்வுயிரியே சான்று: 1826-இல் இதை முதன்முதலாக விவரித்த லான்ஸ்டவுன் கில்டிங், இதை நத்தை போன்ற மெல்லுடலி என்றே கருதினார்.

அது மாறாமல் நிற்கவும் இல்லை. ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கேம்ப்ரியன் காலக் கடலில், முதுகில் முட்களோடு வாழ்ந்த ஹாலுசிஜீனியா என்ற புழு போன்ற உயிரியின் நகங்கள், ஒன்றினுள் ஒன்று செருகிய அடுக்குகளாக, இன்றைய வெல்வெட் புழுவின் நகங்களைப் போலவே அமைந்திருந்ததை 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்றோ இக்குழுவில் ஓர் இனம்கூடக் கடலில் இல்லை. எல்லாம் நிலத்தில்தான் வாழ்கின்றன.

பெரம்பூர் வாசகர்:
இந்தியாவைப் பற்றிய கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். அருணாசலப் பிரதேசத்தின் சியாங் பள்ளத்தாக்கில் 1911-இல் சேகரிக்கப்பட்டு, 1913-இல் விலங்கியலாளர் ஸ்டான்லி கெம்ப் விவரித்த டைஃப்லோபெரிபேட்டஸ் வில்லியம்சோனி என்ற வெல்வெட் புழு இனம் நம் நாட்டில் உண்டு. நூறாண்டுக்கும் மேலாக யார் கண்ணிலும் படாதிருந்த அதனை, பெங்களூருவின் ஏட்ரீ நிறுவன ஆய்வாளர்கள் அண்மையில் அதே பள்ளத்தாக்கில் மீண்டும் கண்டறிந்தார்கள். அச்செய்தியைப் படித்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி சொல்லில் அடங்காது.

உலகில் விவரிக்கப்பட்ட வெல்வெட் புழுக்கள் ஏறத்தாழ 200 இனங்கள். இவற்றின் மூச்சுத் துளைகளை மூட இயலாது என்பதால், வறண்ட காற்றில் உடலின் ஈரம் விரைவாக வெளியேறிவிடும். ஆகவே மட்கிய மரக்கட்டைக்கும் சருகுக்கும் அடியிலேயே வாழ்ந்து, இரவில் மட்டும் இரை தேடுகின்றன. ஒரு காட்டிலிருந்து வெயில் காயும் வெளியைக் கடந்து அடுத்த காட்டுக்குப் போக முடியாததால், அந்தந்தக் காட்டிலேயே தனித்துப் பிரிந்து தனி இனமாகிவிடுகின்றன. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றுபவை மரபணுவில் வெவ்வேறாக இருப்பதும் இதனால்தான். இதுவே அவற்றின் ஆபத்தும் ஆகும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவின் வடகிழக்கில் மட்டும் வாழும் கண்ணற்ற இனமான டாஸ்மேனிபேட்டஸ் அனாஃப்தால்மஸுக்கு, இயற்கைக் காட்டைத் தோட்டக் காடாக மாற்றுவதும், விழுந்த கட்டைகளை எரித்துவிடுவதும் நேரடி அச்சுறுத்தல்கள். புலியைக் காக்கக் காடு வேண்டும் என்பதை ஏற்கும் நாம், உளுத்த கட்டையையும் காட்டின் பகுதியாக எண்ணுவதில்லை என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

காசிமேடு ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. மண்புழு, பெரிபேட்டஸ், மரவட்டை என்று படிப்படியாக நான் வரைந்த ஏணிப்படத்தை நாளை அழித்துவிட்டுக் கிளைவிடும் மரமாக வரையப் போகிறேன். தமிழில் இதைப் பட்டுப்புழு என்று சொல்லலாமா?

வியாசர்பாடி விலங்கியல் மாணவர்:
வேண்டாம், அம்மா. பட்டுப்புழு அந்துப்பூச்சியின் இளம்பருவம், பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். வெல்வெட் புழு என்றே சொல்லுங்கள். வாயின் இருபுறமும் உள்ள முனைகளிலிருந்து பசையைப் பீய்ச்சி இரையைப் பிடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால், அந்த மாணவி நிச்சயம் அடுத்த கேள்வியோடு வருவாள்.