ஆம்பூர் பக்கத்துக் கிணற்று நீர்: வீட்டில் ஆர்.ஓ. வைத்துவிட்டால் போதுமா?

பாலாற்றங்கரை (கேள்வி)

வணக்கம். எங்கள் ஊர் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையில், பாலாற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நான் வேலை காரணமாகப் பெங்களூரில் இருக்கிறேன். அப்பா, அம்மா, தம்பி, தம்பி மனைவி நால்வரும் ஊரில்தான் இருக்கிறார்கள். தம்பி மனைவிக்கு இது ஐந்தாம் மாதம்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே எங்கள் கிணற்று நீர் உப்புக் கரிக்கத் தொடங்கிவிட்டது. பித்தளைக் குடத்தில் ஓர் இரவு வைத்திருந்தால், காலையில் நீர் நின்ற மட்டத்தில் வெள்ளையாக ஒரு கோடு படிந்திருக்கும். அம்மா புளி போட்டுத் தேய்த்தாலும் அது முழுதாகப் போவதில்லை. தென்னையில் குரும்பை நிற்பதில்லை. நெல் விளைந்த கழனியில் பாதியைச் சும்மா போட்டுவிட்டோம். இதற்கெல்லாம் பழகிப்போயிருந்த எனக்கு, போன மாதம் ஊருக்குப் போனபோது அம்மாவின் கைகளைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. விரல் இடுக்குகள் வெடித்து, மணிக்கட்டு வரை சொறிந்த தடமாக இருந்தது. இரண்டு ஆண்டுகளாக இரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறார்.

தம்பி ஓர் ஆர்.ஓ. இயந்திரம் வாங்கி மாட்டியிருக்கிறான். "அதான் மெஷின் வெச்சாச்சே அக்கா, இனிமே என்ன பயம்?" என்கிறான். அவன் சொல்வது சரிதானா? அம்மாவின் தோல் நோய்க்கும் இந்த நீருக்கும் தொடர்பு இருக்குமா? வயிற்றுப் பிள்ளைக்காரி இந்த நீரைப் புழங்கலாமா? ஊரில் இந்தப் பேச்சை எடுத்தால், தோல் ஷாப்பை, அதாவது தோல் பதனிடும் ஆலையை, மூடிவிட்டால் சோற்றுக்கு என்ன செய்வது என்பதிலேயே வந்து நின்றுவிடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீர்ச்சோதனை

சகோதரி, நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பகுதி நீர் என்றாலே எல்லோரும், தோல் பதனிடப் பயன்படும் உலோகமான குரோமியம் என்கிறார்கள். அது ஆபத்தானதுதான். ஆனால் குடத்தில் வெள்ளைக் கோடு போடுவதும் தென்னையை வாட்டுவதும் உப்பு. பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவித்தான் ஆலைக்கு வருகிறது. அதை ஊறவைத்து அலசும் முதல் தண்ணீரிலேயே அந்த உப்பில் பெரும்பகுதி கரைந்து வெளியேறிவிடும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்ணுயிர்கள் கழிவிலுள்ள அழுக்கைத் தின்றுவிடும். உப்பை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நீரை எதிர்ச் சவ்வூடு பரவலுக்கு (ஆர்.ஓ.) அனுப்பி, மிச்சத்தை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் ஏற்பாடுகள் பிற்காலத்தில்தான் வந்தன. அதற்குள் பல பத்தாண்டுகளின் உப்பு மணலுக்குள் இறங்கிவிட்டது.

பதனிடுவதற்குப் பயன்படும் குரோமியம் மூன்றிணைதிறன் வகையைச் சேர்ந்தது. அது பெரும்பாலும் மண்ணிலும் சேற்றிலும் ஒட்டிக்கொண்டுவிடும்; ஆறிணைதிறன் வகை நீரோடு எளிதாகப் பயணம் செய்யும். இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற, லட்சம் டன்னைத் தாண்டிய கழிவு மேட்டிலிருந்து மழைக்காலத்தில் மஞ்சளாகக் கசிந்து வருவது இந்த இரண்டாம் வகைதான். உங்கள் கிணற்றில் எது, எவ்வளவு இருக்கிறது என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். கடையில் விற்கும் சிறிய டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பை மட்டும் தோராயமாகக் காட்டும். குரோமியத்தை அது காட்டாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். உலோகச் சோதனைக்கு அமிலம் சேர்த்த தனிப் புட்டி வேண்டும். அதை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டபின் நீர் பிடியுங்கள். இந்தியத் தரநிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை. மொத்தக் குரோமியத்துக்கு வரம்பு 0.05 மில்லிகிராம்.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டில் சோறு வடிப்பது எந்த நீரில்?

பாலாற்றங்கரை

ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் தம்பி மனைவியிடம் விசாரித்தேன். இயந்திர நீர் குடிப்பதற்கு மட்டும்தானாம். அது சொட்டுச் சொட்டாக இறங்குவதால் சோறு, குழம்பு, காபி எல்லாவற்றுக்கும் கிணற்று நீரைத்தான் எடுக்கிறார்கள். கொதிக்கவைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று அம்மா நினைத்திருக்கிறார்.

நீர்ச்சோதனை

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பும் உலோகமும் அப்படியே இருக்கும். நீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். நான் பார்த்த பல வீடுகளில் இதே கதைதான். இயந்திரம் சுவரில் மாட்டியிருக்கும், உலையில் கிணற்று நீர் கொதிக்கும்.

ஊர் மருத்துவர்

கர்ப்பிணி ஒருவர் இருப்பதால் உடனே எழுதுகிறேன். கணக்காகவே சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு சாப்பிட வேண்டும் என்கிறது. சோடியமாகச் சொன்னால் 2 கிராம். உங்கள் கிணற்று நீரில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் சோடியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சமையலிலும் குடிப்பதிலுமாக மூன்று லிட்டர் உள்ளே போனால் 1.8 கிராம் ஆகிவிடுகிறது. சாப்பாட்டில் ஒரு கல் உப்புக்கூடப் போடாமலே, அன்றைய அளவு ஏறத்தாழ முடிந்துவிட்டது. வங்கதேசத்தின் கடலோர மாவட்டங்களில் குடிநீரில் உப்பேறிய ஊர்களில் நடந்த ஆய்வுகள், உப்பு நீர் குடித்த கர்ப்பிணிகளுக்கு உயர் இரத்த அழுத்தமும் அதனால் வரும் வலிப்பு நோய்க்கான முன்னறிகுறிகளும் அதிகமாக இருந்ததைக் காட்டியிருக்கின்றன. அங்கே உப்பு கடலிலிருந்து வந்தது, இங்கே தோலிலிருந்து வருகிறது; உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். முகம் வீங்கினாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

அம்மாவின் கைகளைப் பொறுத்தவரை, இங்கிருந்தபடி நான் முடிவு சொல்வது முறையாகாது. குரோமியம் ஒவ்வாமைத் தோலழற்சியை உண்டாக்கும் என்பது நன்கு தெரிந்த விஷயம். தோலைக் கையாளும் தொழிலாளர்களுக்கு மட்டுமல்லாமல், சிமென்ட்டில் இருக்கும் குரோமேட்டால் கொத்தனார்களுக்கும் அது வருகிறது. ஆனால் கடின நீரில் நுரை வராததால் சோப்பையும் சலவைத்தூளையும் அதிகம் போட்டுத் தேய்ப்பதே பலருடைய கையைக் கெடுத்துவிடும். சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் ஒட்டுச் சோதனையைத் தோல் மருத்துவரிடம் செய்துகொண்டால் எது என்று தெரியும். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். "களிம்பு கொடுத்தோம், போனார்கள்" என்பதோடு முடிந்துபோன எத்தனையோ நோயாளிகளை நானே பார்த்திருக்கிறேன். எந்த ஊர், எந்த நீர் என்று அவர்கள் சீட்டில் நானும் அப்போது எழுதவில்லை. அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற மேஸ்திரி

மகளே, நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் தோல் ஷாப்பில் இருந்தவன். அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பெண்களைப் படிக்கவைத்தேன். ஆம்பூரில் விடியற்காலை ஷூ கம்பெனிப் பேருந்துக்காகச் சாப்பாட்டுக் கூடையோடு நிற்கும் பெண்களைப் பார்த்தால், மூடு என்று வாயெடுக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் கிணறா சோறா என்று கேட்கவைத்துவிட்டார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பச்சைத்தோலைத் தொட்டியில் போடுவதற்கு முன் நன்றாக உதறி உப்பைத் தட்டி எடுத்தாலே கழிவுநீரில் உப்பு கணிசமாகக் குறையும். இதற்கு விஞ்ஞானம் எதுவும் வேண்டாம். கூடுதலாக நான்கு ஆட்களும் கொஞ்சம் நேரமும் போதும். லோடு அவசரத்தில் உதறாமல் போட்ட நாட்கள் எத்தனை என்பது எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2015 மே மாதத்திலிருந்து ஐரோப்பாவில் விற்கும் தோல் பொருளில், உடம்பில் படும் பகுதியில், ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் ஆறிணைதிறன் குரோமியம் இருக்கக் கூடாது. வாங்குபவர் கேட்டார் என்பதற்காக எங்கள் ஆலை ஒவ்வொரு லாட்டுக்கும் மாதிரி அனுப்பிச் சான்று வாங்கியது. அங்கே ஷூ போடுகிறவரின் காலுக்கு இவ்வளவு கணக்குப் பார்க்க முடிகிறது. நீ கேட்டிருப்பது உன் அம்மாவின் கைக்கு அதே கணக்கைத்தான்.

அதே 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். தொட்டி கழுவ இறங்கி விஷவாயுவில் போனவர்கள் வேறு. முடி நீக்கப் போடும் சல்பைடு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைத்தவன் திரும்பி வருவதில்லை. ஊர்க்காரர் உடம்பைப் பற்றிப் பேசும்போது இவர்கள் உடம்பையும் சேர்த்துப் பேசுங்கள்.

வழக்கும் வரலாறும்

மேஸ்திரி ஐயா சொன்ன "கணக்கு" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தொடர்கிறேன். இந்தப் பாலாற்றுக்காக நம் நாட்டின் சுற்றுச்சூழல் சட்டமே மாறியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பதும், தீங்கு வருமுன் காக்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் நீர் செலவாவதையும், தோல் ஆலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ கெட்டுப்போனதையும் அந்தத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. அதன்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001 மார்ச்சில் வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். அதுவும் நிலத்தை வைத்து எடுத்த கணக்கு. நிலமே இல்லாமல் அதே நீரைக் குடித்த கூலிக்காரரின் சிறுநீரகமும் தோலும் அந்தக் கணக்கில் எங்கே வந்தன? 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசே முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்றும், ஆற்றைச் சீரமைப்பதைக் கண்காணிக்கக் குழு வேண்டும் என்றும் உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஆகவே நீங்கள் நீரைச் சோதித்தால், கிணற்றின் சர்வே எண்ணும் தேதியும் அந்த அறிக்கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தனி ஒரு வீடாகப் போகாமல் தெருவில் பத்துக் கிணறுகளைச் சேர்த்துச் சோதித்தால் மனுவுக்கு எடை கூடும். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அங்கே கொடுக்கும் இழப்பீட்டு மனுவுக்கு ஐந்தாண்டுக் கால வரம்பு உண்டு என்பதால் காகிதம் கையில் கிடைத்த பிறகு தள்ளிப்போட வேண்டாம்.

பாலாற்றங்கரை

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தெருவில் ஏழு கிணறுகளுக்குச் சம்மதம் கிடைத்தது. மற்றவர்கள், இது வெளியே தெரிந்தால் மனை விலை போகாது என்று மறுத்துவிட்டார்கள். எங்கள் கிணற்றில் கரைந்த உப்பு 2,840. குரோமியம் வரம்புக்குள் இருக்கிறது. ஆற்றை ஒட்டிய ஒரு கிணற்றில் மட்டும் அது வரம்பைத் தாண்டியிருக்கிறது. அந்த வீட்டில் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாயிலிருந்து எடுத்துக்கொடுக்க இப்போதைக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம். ஏழு அறிக்கைகளையும் இணைத்து மனுக் கொடுத்து ஒப்புகை வாங்கியாகிவிட்டது. எங்கள் வீட்டிலும் சமையல் இப்போது குழாய் நீரில்தான் நடக்கிறது. தம்பி மனைவியின் இரத்த அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் எழுதிவருகிறோம். இதுவரை சரியாக இருக்கிறது. அம்மாவுக்கு ஒட்டுச் சோதனை அடுத்த வாரம்.

ஒன்று மட்டும் புரியவில்லை. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவு நீரைத் தம்பி குழாய் போட்டு முருங்கை மரத்தடியில் விட்டிருக்கிறான். மரம் பட்டுவிட்டது. அங்கிருந்து கிணறு பத்தடி. அந்த நீரை எங்கே விடுவது?

நீர்ச்சோதனை

பாத்திரம் முதல் அலசலுக்கும் கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள், கிணற்றோரத்தில் விட வேண்டாம். இப்போதைக்கு என்னால் சொல்ல முடிவது இவ்வளவுதான். எங்கே விட்டாலும் அந்த உப்பு உங்கள் மண்ணுக்குள்தான் போகிறது. பெரிய நிலையங்களிலும் ஆவியாக்கி எடுத்த உப்பை, மற்ற இரசாயனங்கள் கலந்திருப்பதால் விற்கவும் முடியாமல் கொட்டவும் முடியாமல், கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். வரம்பைத் தாண்டிய அந்தக் கிணற்றின் நீரை மழைக்குப் பிறகு மீண்டும் ஒருமுறை எடுத்து அனுப்புங்கள். அந்தச் சோதனைக்கான செலவு என்னுடையது.