மறு: டீஇன்டர்லேஸுக்குத் தமிழ்? (வெள்ளிக்குள் தேவை)

அன்பர்களே,
பழைய விஎச்எஸ் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றும் மென்பொருளுக்கான தமிழ் இடைமுகம் வெள்ளிக்கிழமை போகிறது. 'டீஇன்டர்லேஸ்' மட்டும் மீதி: ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தவணையில் பதிந்த வரிகளை முழுப் படமாக்கும் வேலை. பொத்தானில் பன்னிரண்டு எழுத்துதான் கொள்ளும். இப்போதைக்குப் 'பின்னல் நீக்கம்' என்று இட்டிருக்கிறேன்.

———
> பின்னல் நீக்கம்

பின்னல் என்றால் சடை ஐயா. பால் (PAL) என்ற காணொளி முறையில் நொடிக்கு 25 சட்டகம் (ஃப்ரேம்). ஒவ்வொன்றும் இரண்டு அரைச்சட்டகம்: ஒற்றைப்படை வரிகள் ஒன்றில், இரட்டைப்படை வரிகள் மற்றதில். இரண்டுக்கும் நடுவே 1/50 நொடி. அதற்குள் மணப்பெண் கையை அசைத்துவிட்டால் விளிம்பு சீப்புப் பல்லாகத் தெரியும். ஆகவே 'இழைபிரிப்பு'. இரண்டாம் வேற்றுமைத் தொகை, வலி மிகாது. தயவுசெய்து 'இழைப்பிரிப்பு' என்று எழுதாதீர்கள். வரிகளை இப்படி இரண்டாகப் பதியும் மூலமுறைக்கு (இன்டர்லேஸ்) 'ஊடிழை'. ஊடு, ஊடை, ஊடாடு, ஊடல் எல்லாம் ஒரே வேர்தான் என்பது என் துணிபு. இருவர் நடுவே புகுவதுதானே ஊடல்?

———
ஊடலைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமே.

'ஒன்றுவிட்ட வரி' எல்லாருக்கும் புரியும். ஆனால் ஒன்றுவிட்ட சித்தப்பா நினைவுக்கு வருவார்.

———
> இழைபிரிப்பு

பொருள் பிழை. பிரிப்பது பாதி வேலை. பிரித்தபின் ஒவ்வோர் அரைச்சட்டகத்திலும் 288 வரிதான் இருக்கும். இல்லாத 288ஐ அக்கம்பக்க வரிகளையும் முன்பின் அரைச்சட்டகங்களையும் பார்த்துக் கணித்து நிரப்ப வேண்டும். எனவே 'வரிநிரப்பல்'.

சொல் எதுவானாலும் உதவிக்குறிப்பில் இவை வரட்டும். 720×576 அளவில், எஃப்எஃப்வி1 போன்ற இழப்பில்லாச் சுருக்கத்தில் எடுத்த மூலக்கோப்பில் இந்தப் பொத்தானைத் தொடவே கூடாது. பார்ப்பதற்கான படியில் மட்டும். உயரத்தை மாற்றுவது இதற்குப் பிறகே. முன்னால் மாற்றினால் இரு அரைச்சட்டகங்களின் வரிகளும் கலந்துவிடும், பிறகு மீட்க வழியில்லை. வெளியீடு நொடிக்கு 50 சட்டகம். காணொளிகளை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) மென்பொருளில் இந்த வேலையைச் செய்யும் யாடிஃப் வடிகட்டி தானாக 25தான் தரும், அசைவில் பாதி போய்விடும். முறை 1 என்று சொல்ல வேண்டும். அதிலேயே உள்ள இன்னொரு வடிகட்டியான பிடபிள்யூடிஃப் சொல்லாமலே 50 தரும்.

———
தம்பி சொன்னது சரி. எந்த அரைச்சட்டகம் முந்தி என்ற வரிசையையும் சேருங்கோ. மினிடிவி (MiniDV) என்ற டிஜிட்டல் கேசட் வடிவில் எடுத்த கோப்பில் இரட்டைப்படை வரிகள் முந்தி வரும். கேசட் படத்தைக் கணினிக்குள் வாங்கும் கேப்சர் கார்டில் எடுத்த பால் கோப்பில் பெரும்பாலும் ஒற்றைப்படை முந்தி. மாறிக் குடுத்தால் ஆள் ஒரு அடி முன்னுக்கும் அரை அடி பின்னுக்கும் நடப்பார். ரொறன்ரோவிலிருந்து வந்த கேசட் என்றால் வட அமெரிக்க முறையான என்டிஎஸ்சி (NTSC): 480 வரி, நொடிக்கு 59.94 அரைச்சட்டகம். 50 என்று பொத்தானிலேயே எழுதிப்போடாதேங்கோ.

சொல்லைப் பற்றி: கேசட் மாற்றித் தாற கடையில் 'டீஇன்டர்லேஸ்' என்றுதான் கேட்பினம். அப்படியே விடலாம்.

———
அப்படியே விடுவதற்கு இந்தக் குழு எதற்கு?

———
வெள்ளி வந்துவிட்டது. இழைபிரிப்புக்கு நான்கு பேர், வரிநிரப்பலுக்கு ஒருவர், டீஇன்டர்லேஸுக்கு இருவர். 'இழைபிரிப்பு' என்றே ஏற்றிவிட்டேன். சுட்டியை மேலே கொண்டுபோனால் 'டீஇன்டர்லேஸ்' தெரியும். உதவிக்குறிப்பும் வரிசைத் தேர்வும் சேர்த்தாயிற்று.

———
சரி. ஆனால் யாடிஃப், பிடபிள்யூடிஃப் இரண்டும் பிரிப்பதோடு நிற்பதில்லை. வெறுமனே பிரிக்க அதே எஃப்எஃப்எம்பெக்கில் 'செபரேட்ஃபீல்ட்ஸ்' என்று தனி வடிகட்டி இருக்கிறது. நாளை அதையும் பட்டியலில் சேர்க்கும்போது என்ன பெயர் வைப்பீர்கள்?