நெஞ்செரிச்சலுக்கு 'டி' சேர்ந்த கேப்ஸ்யூல்: சாப்பிட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நூல்கண்டு, திருப்பூர்

புளியேப்பம், நெஞ்செரிச்சல் என்று டாக்டரிடம் போனால் பெரும்பாலும் ஒரே கேப்ஸ்யூல்தான் கைக்கு வருகிறது. பான்டோப்ரசோல் 40 மில்லிகிராம், கூடவே டொம்பெரிடோன் 30. சிலருக்குப் பான்டோப்ரசோலுக்குப் பதில் ரபிப்ரசோல் 20. எந்தக் கம்பெனி தயாரித்தாலும் பெரும்பாலும் பெயரின் வாலில் டொம்பெரிடோனைக் குறிக்கிற ஒரு 'டி' இருக்கும். எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் பாக்கெட்டில் பேனாவோடு இதையும் வைத்திருக்கிறார்கள்.

நான் பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவு. ஷிப்மெண்ட் நெருங்கினால் ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டா சால்னா, வீட்டுக்கு வந்ததும் படுக்கை. நடுச்சாமத்தில் தொண்டை வரைக்கும் புளித்தண்ணீர் ஏறும், இருமிக்கொண்டே எழுந்து உட்காருவேன். சளி என்று வீட்டில் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, "சளியெல்லாம் இல்லை, வயித்துல இருக்கிறது மேலே ஏறுது" என்றார்.

அவர் பொறுமையாக விளக்கினார். இரைப்பையின் உள்சுவரில் அமிலத்தைச் சுரக்கிற பம்புகள் இருக்கின்றன. சாப்பாடு உள்ளே போனதும் அவை ஓட ஆரம்பிக்கும். ஓடுகிற பம்பைத்தான் பான்டோப்ரசோலால் பிடித்து நிறுத்த முடியும், சும்மா கிடப்பதை அது ஒன்றும் செய்யாது. அதனால் மருந்து ரத்தத்தில் கலந்து தயாராக இருக்கும்போது சாப்பாடு வர வேண்டும். காலை டிபனுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால், வெறும் வயிற்றில். முழுப் பலனும் தெரிய நாலைந்து நாள் ஆகும், அதுவரை எரிந்தால் ஆன்டாசிட் சிரப் குடி என்றார். டொம்பெரிடோன் வேறு வேலைக்கு. சாப்பாட்டை இரைப்பையிலிருந்து கீழே தள்ளிவிடும், குமட்டலையும் உப்புசத்தையும் குறைக்கும்.

எனக்கு நன்றாகவே கேட்டது. கொஞ்ச நாள் கழித்து டாக்டர் 'டி'யை எடுத்துவிட்டு வெறும் பான்டோப்ரசோல் எழுதினார். கூட வேலை பார்க்கிறவர்களோ வருஷக்கணக்கில் 'டி'யோடுதான் ஓட்டுகிறார்கள். யார் சரி? நீங்கள் எப்படி எடுத்தீர்கள்?

சாக்பீஸ்

உங்கள் டாக்டர்தான் சரி. என் கதையைக் கேளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறேன். காலையில் சாப்பிடாமல் ஓடுவது, மத்தியானம் ஆறிப்போன புளிசாதம் என்று வயிறு கெட்டுப்போய் இந்த கேப்ஸ்யூலில் சேர்ந்தேன். எரிச்சல் அடங்கியது. சீட்டு முடிந்த பிறகும் கடையில் கேட்டால் கொடுத்தார்கள், நானும் தொடர்ந்தேன். சில மாதத்தில் மார்பில் ஒரு கனம், தொட்டால் வலி. மாதவிலக்கும் தள்ளிப்போனது. ஒருநாள் குளிக்கும்போது காம்பில் பால் மாதிரி கசிவு. என் சின்னவளுக்குப் பதினோரு வயது, எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பெண்களுக்குத் தெரியும். இணையத்தில் தேடித்தேடி அந்த ராத்திரி தூக்கமே இல்லை.

மகப்பேறு டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வயித்துக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்பதுதான். பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டியதும் சிரித்துவிட்டார். டொம்பெரிடோன் புரோலாக்டின் என்கிற ஹார்மோனை ஏற்றிவிடுமாம், பால் சுரக்க வைப்பது அதுதான். ரத்தத்தில் பார்த்தால் அளவு ஏறித்தான் இருந்தது. ஆனாலும் அவர் அதோடு விடவில்லை, மார்பை ஸ்கேன் எடுத்து வேறு ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். கேப்ஸ்யூலை நிறுத்திய பிறகு கசிவு நின்றது, மாதவிலக்கும் ஒழுங்குக்கு வந்தது. இப்போது 'டி' இல்லாத மாத்திரை, அதுவும் தேவைப்படும்போது மட்டும்.

ஆண்களுக்கும் மார்பு வீங்கலாம் என்று டாக்டர் சொன்னார். வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே சொல்லாமல் இருக்காதீர்கள்.

கொத்தனார் மகன்

நாங்கள் தென்காசிப் பக்கம். அப்பாவுக்கு நடந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

அப்பா கொத்தனார். சாரத்தில் ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்துபோய், டைக்ளோஃபினாக் என்கிற வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். சாயங்காலம் டீயோடு ஒன்று, வலி கூடினால் ராத்திரியும் ஒன்று. மேல்வயிற்றில் எரிச்சல் வந்தது. சாப்பிட்டால் அடங்கும், விடியற்காலம் பசி நேரத்தில் மறுபடி குத்தும். யாரோ சொல்லி இந்த 'டி' கேப்ஸ்யூலை வாங்க ஆரம்பித்தார். அமிலம் குறைந்ததும் எரிச்சலும் குறைந்தது. அதே தைரியத்தில் டைக்ளோஃபினாக்கும் ஓடியது. ஒரு மாத்திரை புண் போடுகிறது, இன்னொன்று அந்த எரிச்சலை மறைக்கிறது.

ஒரு வாரமாக மலம் கறுப்பாகத் தார் மாதிரி போயிருக்கிறது, ஒரு மாதிரி நாற்றம் வேறு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகும், ஆனால் இப்படிப் பிசுபிசு என்று ஒட்டாது. அப்பா எங்களிடம் சொல்லவே இல்லை. சாரத்தில் நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை கீழே விழவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் பார்த்தால் ஹீமோகுளோபின் ஏழுக்குக் கீழே. ரத்தம் ஏற்றினார்கள், மறுநாள் எண்டோஸ்கோபி. தொண்டையில் மரத்துப்போகிற மருந்து அடித்து, பல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்துக் குழாயை விட்டார்கள். முன்சிறுகுடலில் புண். திரையில் எனக்கும் காட்டினார்கள், சிவந்த சதைக்கு நடுவே ஒரு வெள்ளைப் பள்ளம்.

வலி மாத்திரை மட்டும்தான் காரணம் என்று நான் நினைத்தேன். டாக்டர் அங்கேயே சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்து, ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் இருக்கிறது என்றார். அல்சருக்கு முக்கியக் காரணங்கள் இந்த இரண்டும்தானாம், அப்பாவிடம் இரண்டுமே இருந்தன. அந்தக் காலத்தில் அல்சர் என்றால் காரம், கவலை, பட்டினி என்பார்கள். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் என்கிற டாக்டர் இந்தக் கிருமியைக் கலந்து 1984-ல் தானே குடித்து, தன் இரைப்பையிலேயே அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்த ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் கிடைத்தது. எங்கள் அப்பா அதையெல்லாம் கேட்டுவிட்டு, "கிறுக்கனா இருப்பாம் போல" என்றார்.

சிகிச்சை 14 நாள். காலையும் ராத்திரியும் பான்டோப்ரசோல், கூடவே இரண்டு ஆன்டிபயாடிக்: கிளாரித்ரோமைசின் 500 மில்லிகிராம், அமாக்சிசிலின் 1 கிராம். பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார்கள். அப்பாவின் பழைய 'டி' கேப்ஸ்யூல் அட்டையைப் பார்த்ததும் டாக்டர் வாங்கித் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டார். கிளாரித்ரோமைசின் உடம்பில் டொம்பெரிடோன் சிதைவதைத் தடுத்து அதன் அளவை ஏற்றிவிடும், இரண்டுமே இதயத்துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக் கூடியவை, சேரவே கூடாது என்றார். இங்கே எல்லாரும் இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் கிளாரித்ரோமைசினைச் சளிக்கும் எழுதுகிறார்கள்.

அந்த 14 நாளும் வாயில் செம்புக்காசை ஒதுக்கி வைத்த மாதிரி கசப்பு, வயிற்றுப்போக்கு வேறு. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்பதால் அம்மா எதிரில் நின்று விழுங்க வைத்தார். புண் ஆற அதன் பிறகும் சில வாரம் வெறும் பான்டோப்ரசோல். கிருமி போனதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை, ஒரு கரைசலைக் குடிக்க வைத்துப் பையில் ஊதச் சொல்கிறார்கள். அதற்கு ஆன்டிபயாடிக் முடிந்து நாலு வாரம் ஆகியிருக்க வேண்டும், பான்டோப்ரசோலையும் இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தாலும் இல்லை என்று காட்டும். நிறுத்திய அந்த இரண்டு வாரம்தான் அப்பாவுக்குப் பெரும்பாடு, சிரப்பை வைத்தே சமாளித்தார்.

கிருமி போய்விட்டது. முழங்காலுக்கு இப்போது பாராசிட்டமால், தைலம். சாரம் ஏறுவதில்லை, மேஸ்திரியாகக் கீழே நின்று சத்தம் போடுகிறார்.

கடைக்காரன்

மருந்தாளுநராகக் கவுண்டரில் நிற்கிறவன். கொத்தனார் மகன் எழுதியதை அச்சடித்துக் கடையில் ஒட்டலாம் போல இருக்கிறது.

ஒரு நாளைக்கு எத்தனை பேர் "கேஸ் மாத்திரை ஒண்ணு குடுங்க" என்று வருகிறார்கள் தெரியுமா? அட்டையைத் திருப்பிப் பாருங்கள், சிவப்புக் கோடு இருக்கும். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து. கொடுக்க மாட்டேன் என்றால் என்னைத் திட்டிவிட்டு அடுத்த கடையில் வாங்கிக்கொள்கிறார்கள், அங்கே கிடைத்தும் விடுகிறது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எழுதினாலும் கூடவே ஒரு கேஸ் மாத்திரை எழுதும் வழக்கம் நம் ஊரில் ஊறிவிட்டது. பாராசிட்டமாலுக்கு அது தேவையே இல்லை. வயதானவர்கள் டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் மாதிரி எடுக்கும்போது பான்டோப்ரசோல் சேர்ப்பது நியாயம், அது புண் வராமல் காக்கும். அங்கேயும் 'டி'க்கு வேலை கிடையாது. குமட்டல், உப்புசம், சாப்பாடு நெஞ்சிலேயே நிற்கிற மாதிரி இருப்பது, இதெல்லாம் இருந்தால்தான் அதைச் சேர்ப்பதில் அர்த்தம். அல்சரை ஆற்றுவதில் அதற்குப் பங்கு இல்லை.

சிலர் விழுங்க முடியவில்லை என்று கேப்ஸ்யூலைப் பிரித்துப் பாலில் கலக்கிறார்கள். உள்ளே சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கும். பான்டோப்ரசோல் உருண்டைக்கு இரைப்பையில் கரையாமல் குடலில் போய்க் கரைகிற பூச்சு உண்டு. டொம்பெரிடோன் மூன்று வேளை மருந்து, மெதுவாகக் கரையும்படி ஒரே வேளையில் அடைத்திருக்கிறார்கள். பொடித்தால் முதலாவது வீணாகும், இரண்டாவது மொத்தமாக இறங்கும். விழுங்க முடியாதவர்கள் டாக்டரிடம் சொன்னால் வேறு வடிவத்தில் எழுதுவார்.

'டி'க்குப் பதில் லெவோசல்பிரைடு சேர்ந்த கேப்ஸ்யூலும் வருகிறது. வயதானவர்களுக்கு அதில் கை நடுக்கம், நடை தளர்ச்சி வரலாம். அதை முதுமை என்று நினைத்துவிடுகிறார்கள். வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை டப்பாவை ஒருமுறை பாருங்கள்.

வல்வெட்டித்துறை

நான் இருப்பது லண்டனில். போன முறை சென்னைக்கு வந்தபோது நெஞ்செரிவு, அங்கே ஒரு டொக்டர் இந்தக் குளிசையைத் தந்தார். நல்ல சுகம். திரும்பி வந்து அட்டையை இங்குள்ள ஃபார்மசியில் காட்டிக் கேட்டேன். அந்தப் பிள்ளை டொம்பெரிடோன் 30 என்று வாசித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தது. இங்கே நெஞ்செரிவுக்கு அது இல்லையாம். 2014-ல் ஐரோப்பாவில் கட்டுப்பாடு கொண்டு வந்த பிறகு வாந்திக்கும் குமட்டலுக்கும் மட்டும்தான், 10 மில்லிகிராம் வீதம், வழக்கமாக ஒரு கிழமைக்கு, அதாவது ஏழு நாளுக்கு மேல் இல்லை. இதயத்துக்குப் பாதகம் என்பதுதான் காரணம். எனக்குப் பான்டோப்ரசோல் மாதிரியான ஒமெப்ரசோல் மட்டும் தந்தார்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கட்டை வைத்து உயர்த்தச் சொன்னார்கள், அதுவும் நல்லாய் உதவியது.

மதுரைக்காரி

ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். என் பெரியப்பாவுக்கு ராத்திரி நெஞ்சில் பாரம், வியர்வை. "கேஸ்தான்" என்று இந்த கேப்ஸ்யூல் ஒன்று போட்டு, ஓமத்தண்ணீர் குடித்துப் படுத்தார். பெரியம்மா பிடிவாதமாக ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனதில் ஈசிஜியில் மாரடைப்பு என்று தெரிந்தது. பிழைத்துக்கொண்டார். இடது கை, தாடைக்கு வலி பரவினாலோ, வியர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ மாத்திரையைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் வரும்.

நூல்கண்டு, திருப்பூர்

எல்லாருக்கும் நன்றி. சாக்பீஸ் அக்கா எழுதியதை என் வீட்டுக்காரியிடமும் படித்துக் காட்டினேன்.

என் விஷயத்தில் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். வெறும் பான்டோப்ரசோலைச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து, "மருந்து இல்லாமல் முடியாது போல" என்று தோன்ற வைக்குமாம். அதனால் டாக்டர் 40-ஐ 20 ஆக்கி, அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கி நிறுத்தினார். நடுவில் எரிந்தபோது சிரப். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடச் சொன்னார். ஷிப்மெண்ட் நேரத்தில் அது நடக்காது என்றேன். "அப்ப ஏழு மணிக்கே கம்பெனியில சாப்பிடு" என்றார். இப்போது சாயங்காலமே டிபன் பாக்ஸைத் திறந்துவிடுகிறேன். இடது பக்கம் சாய்ந்து படுப்பதும் உதவுகிறது.

ஒரே ஒரு சந்தேகம், கடைக்காரன் சார். என் அம்மாவும் பான்டோப்ரசோல் சாப்பிடுகிறார், தைராய்டு மாத்திரையும் உண்டு. இரண்டுமே காலையில் வெறும் வயிற்றில் என்கிறார்கள். எதை முதலில் கொடுப்பது?

கடைக்காரன்

தைராய்டு மாத்திரை எழுந்ததும் வெறும் தண்ணீரில், அதற்கு முதலிடம். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியே. பான்டோப்ரசோலை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பலருக்கு அப்படி மாற்றிக் கொடுப்பார்கள். நேரத்தைப் பிரித்தாலும் அமிலம் குறைவாக இருந்தால் தைராய்டு மருந்து சரியாக உறிஞ்சப்படாது. அதனால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒன்று பார்த்துவிடுங்கள். பான்டோப்ரசோலை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறார் என்றால் வைட்டமின் பி12-ஐயும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.