ஏர்டிராப் கெடுவை நீட்டலாமா? வாக்குப் போடுமுன் உதவி வேண்டும்

மண்டபம், கீழக்கரை, தொண்டி நண்பர்களே, நம்மில் பலர் வைத்திருக்கும் கிரிப்டோ டோக்கனை இலவசமாகப் பங்கிடுகிறார்கள் (ஏர்டிராப்); அதை எடுத்துக்கொள்ளும் கெடுவை நீட்டச் சொல்லி வாக்கெடுப்பு வந்திருக்கிறது.

கேட்பது நியாயம்தான். தங்குகடல் (பல நாள் கடலில் தங்கி மீன்பிடிப்பு) போனவருக்குக் கரை சேரும்வரை சிக்னல் கிடையாது. உரிமை இருந்தும் கேஸ் கட்டணத்துக்கு (எத்தீரியம் நெட்வொர்க்கில் பரிவர்த்தனைக்குக் கட்டும் தொகை) அதன் நாணயமான ஈதர் இல்லாமல் நிற்பவர்களும் உண்டு. கெடு யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு என்றால் நமக்குக் காலை 5.30, அதைக் குழப்பிக்கொண்டு தவறவிடுவதும் நடக்கிறது.

ஆனால் சிக்கல் கான்ட்ராக்டில், அதாவது டோக்கனைப் பங்கிடும் பிளாக்செயின் நிரலில், இருக்கிறது. கோடில் கெடு 'இம்யூட்டபிள்' (மாற்ற முடியாதது) என்று இருந்தால், வாக்கில் ஜெயித்தாலும் அது மாறாது. புது கான்ட்ராக்ட் போட்டு மிச்ச டோக்கனை அதற்கு மாற்ற வேண்டும். அதில் பழைய மெர்க்கிள் ரூட்டையே (உரிமை உள்ளவர் பட்டியலின் சுருக்கக் குறியீடு) வைத்தால், ஏற்கெனவே எடுத்தவர் இன்னொரு தடவை எடுத்துவிடுவார். ஏனென்றால் யார் எடுத்தார் என்ற குறிப்பு பழைய கான்ட்ராக்டிலேயே தங்கிவிடும். எடுத்தவர்களைக் கழித்துப் புதுப் பட்டியல் கட்டினால் அதைத் தடுக்கலாம்.

ஆர்பிட்ரம் என்ற கிரிப்டோ திட்டம் தன் ஏர்டிராப்பை எடுக்க 2023 மார்ச் முதல் செப்டம்பர் வரை 6 மாதம் கொடுத்தது. மிச்சம் பொதுக் கருவூலத்துக்குப் போனது. நமக்கு ஒரே ஒரு முறை, 30 நாள் நீட்டிப்பு போதும் என்பது என் எண்ணம்.

சாலிடிட்டி (கான்ட்ராக்ட் எழுதும் நிரல்மொழி) தெரிந்தவர்கள் எதர்ஸ்கேனில் (எத்தீரியம் பதிவுகளைக் காட்டும் தளம்) கோடைத் திறந்து, கெடுவை மாற்ற ஃபங்ஷன் இருக்கிறதா, அதை அழைக்கும் உரிமை யாரிடம் என்று பார்த்துச் சொல்லுங்கள். இன்னும் எடுக்காதவர்கள் காரணத்தை எழுதுங்கள். 'கெடு நீட்டிப்பு' என்று வரும் லிங்க்கைத் தொடாதீர்கள், வாலட்டைத் திறக்கும் சீட் வார்த்தைகளை யாருக்கும் கொடுக்காதீர்கள்.