ஃபெஸ் நகரத்து மரினி கல்லறைகள்: போய் வந்தவர்கள் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். மொராக்கோவில் ஃபெஸ் பழைய நகரத்துக்கு வடக்கே ஒரு குன்று, அதன் மேல் அந்தக் காலத்தில் மொராக்கோவை ஆண்ட மரினி வம்சத்துக் கல்லறைகள், 14-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பாப் கிஸ்ஸா வாசலைத் தாண்டி நடந்தே ஏறினேன், மூச்சு வாங்கிவிட்டது. சுல்தான் கல்லறை என்றதும் கோல்கொண்டா பக்கம் இருக்கிற மாதிரி பெரிய பெரிய குவிமாடமாக இருக்கும் என்று நினைத்துப் போனால், கூரையில்லாத ஒரு சதுரக் கட்டடம், லாட வடிவ வளைவு, பக்கத்தில் இடிந்த சுவர்கள், அவ்வளவுதான். காரை உதிர்ந்த சுவரில் வரிசையாகத் துளைகள், அதற்குள் குருவிகள் போவதும் வருவதுமாக இருந்தன. வளைவுக்குக் கீழே யாரோ தின்றுபோட்ட சூரியகாந்தி விதைத் தோல்.

ஆனால் நான் போனது கல்லறைக்காக இல்லை, மதுரைக்காரன் என்பதால். மொராக்கோ பயணி இப்னு பதூதா ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் வந்து சேர்ந்தது இந்த ஃபெஸ்ஸுக்குத்தான். மரினி சுல்தான் அபூ இனான் கட்டளைப்படி தன் பயணக் கதையை அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் என்பவர் எழுதினார், 1355-இல் முடிந்தது. அதில் நம் மதுரையும் வருகிறது. அப்போது மதுரையில் சுல்தானாக இருந்த கியாசுத்தீன் தம்கானி பதூதாவுக்குச் சகலை, ரெண்டு பேரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். சகலை என்று பார்க்காமல் அந்த ஆள் செய்த கொடுமைகளையும், ஊரில் கொள்ளைநோய் வந்து படுத்தவர்கள் ரெண்டு மூணு நாளில் செத்ததையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். வைகைக்கரை விஷயம் ஏழு நூற்றாண்டுக்கு முன்னால் இந்த மதிலுக்குள் உட்கார்ந்து காகிதத்தில் ஏறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கரவிய்யீன் பள்ளிவாசலின் பச்சை ஓட்டுக் கூரையைத் தேடிக்கொண்டிருந்தேன், இருட்டியதே தெரியவில்லை. ஒரு பையன் வேறு "கைடு, கைடு" என்று கூடவே வந்தான். அவனிடமிருந்து தப்பிக்கக் குறுக்கு வழியாகச் சரிவில் இறங்கி, கல்லில் இடறி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

—

நாங்கள் காலையில் போனோம் அண்ணா, டாக்ஸியிலேயே மேலே வரை போகலாம், உங்களை யார் நடக்கச் சொன்னது! எனக்கு நினைவிருப்பது தோல்தான். கீழே சுவாரா என்கிற தோல் பதனிடும் இடத்துத் தொட்டிகளில் சுண்ணாம்பிலும் புறா எச்சத்திலும் ஊறவைத்த தோலைக் கொண்டுவந்து இந்த மலைச்சரிவில் விரித்துக் காயப்போடுகிறார்கள். மஞ்சளும் வெள்ளையுமாக, தூரத்திலிருந்து பார்த்தால் வற்றல் காயவைத்த மொட்டைமாடி மாதிரி. தொட்டியைப் பார்க்கப் போனபோது மூக்கில் வைத்துக்கொள்ளப் புதினாக் கொத்து கொடுத்தார்கள், அது ஒன்றுக்கும் உதவவில்லை என்பது வேறு விஷயம்.

—

நான் காயல்பட்டினம். மஃரிபுக்கு, அதாவது அந்தித் தொழுகைக்கு, கொஞ்சம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். ஒரு பள்ளியில் பாங்கு ஆரம்பிக்கும், அது முடிவதற்குள் இன்னொன்று, அப்புறம் எங்கே ஆரம்பித்தது என்றே தெரியாத அளவுக்குக் கிண்ணம் போன்ற அந்த ஊர் முழுக்க நிறைந்துவிடும். என் கூட வந்த மச்சான், வாய் மூடாத ஆள், அன்றைக்குப் பேசவே இல்லை. அது சரி, மதுரை அண்ணே, இருட்டில் சரிவில் இறங்கினேன் என்கிறீர்களே, பாப் கிஸ்ஸா பக்கம் அந்தச் சரிவு மையவாடி, அடக்கம் செய்கிற இடம். நீங்கள் இடறியது வெறும் கல் இல்லை, மீஸான், கபுரில் நடுகிற கல்.

—

அய்யோ. இதை வீட்டில் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. சுல்தான் கல்லறையில் ரெண்டு மணி நேரம் நின்றவன், சாதாரண ஜனங்களின் கபுரை மிதித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். பின்னாலேயே அந்தப் பையன் ஏதோ கத்தினானே, வழி சொல்லக் காசு கேட்கிறான் என்றல்லவா நினைத்தேன்.