அம்ப் இரைச்சல்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

உவர்மலை:
திருகோணமலை நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் திருமண வரவேற்பு. வீட்டில் சத்தமே காட்டாத என் கிற்றார் அம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி), அங்கே செருகியதும் முனகத் தொடங்கியது. கிற்றார் கம்பியில் விரல் பட்டால் அடங்கும், எடுத்தால் மறுபடியும். கேபிளை மாற்றியும் பயனில்லை. பாடலாம் என்று மைக்கை நெருங்கினேன். உதடு பட்டதுதான் தாமதம், சுளீரென்று அடித்தது! பல்லின் வேர்வரை இறங்கியது. ஒலிபெருக்கிக்காரரோ, "ஈரக்காற்று தம்பி, அப்படித்தான்" என்று சிரிக்கிறார்.

உப்புவெளி:
எங்கள் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். அம்பில் கடுகு வெடிப்பது போல ஒரு பொரிச்சல், நடுநடுவே ஒலி பாதியாகக் குறையும். கொழும்புக்கு அனுப்பச் சொன்னார்கள். ஒலியை வெளியே அனுப்பித் திரும்ப வாங்கும் பின்பக்கத்து செண்ட், ரிட்டர்ன் துளைகளைச் சின்ன கேபிளால் இணைத்தேன். ஒலி முழுதாகத் திரும்பியது. ரிட்டர்ன் ஜாக்கின் (அந்தத் துளையின்) உள்தகடு பச்சை பூத்திருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்துச் செருகி இழுத்ததும் சரியாகிவிட்டது. உவர்மலை அண்ணனுக்கும் உப்புக்காற்றுதான்.

பாலையூற்று:
உப்புக்காற்று உதட்டில் அடிக்காது தம்பி. கம்பியைத் தொட்டால் முனகல் குறைவது பெரும்பாலான கிற்றார்களில் உள்ளதுதான். மைக்கில் அடித்தது வேறு: அம்ப், மைக் செட் இரண்டில் ஒன்றுக்கு எர்த் (கசியும் மின்சாரத்தை நிலத்தில் இறக்கும் இணைப்பு) இல்லை. ஒருவர் என்னிடம் கொண்டுவந்த அம்பின் பிளக்கைத் திறந்தால், எர்த் வயரை வெட்டி டேப் சுற்றியிருந்தது. முனகல் நிற்க யாரோ செய்த வைத்தியம். உள்ளே ஒரு வயர் கழன்று 230 வோல்ட் அம்பின் உலோகத் தகட்டில் ஏறினால், அது இறங்குவதற்கு வாசித்துக்கொண்டிருப்பவரின் உடம்புதான் வழி.

எல்லோருக்கும் சொல்கிறேன். முதலில் கிற்றார் கேபிளை அம்பிலிருந்து கழற்றுங்கள். இரைச்சல் போய்விட்டால் கோளாறு கிற்றாரிலோ கேபிளிலோ, போகாவிட்டால் அம்புக்குள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். முனகல் அதே தாழ்ந்த சுருதியில் இருந்தால் எர்த்தைச் சந்தேகியுங்கள். ஒரு ஸ்தாயி மேலே, 100 ஹெர்ட்ஸில் இருந்தால் பவர் சப்ளை கபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகம்) காய்ந்திருக்கலாம். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் பெரும்பாலும் தூசிதான். வால்வு (கண்ணாடிக் குழாய்) வைத்த அம்பை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் கபாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். மின்விசிறி ரெகுலேட்டராலும் இரைச்சல் வரலாம், அதையும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

உப்புவெளி:
நான் சொன்னது என் ஜாக்கைப் பற்றி. அதற்கும் வால்வுக்கும் என்ன தொடர்பு?

உவர்மலை:
பாலையூற்று அண்ணா, என் பிளக்கைத் திறந்து பார்த்தேன். எர்த் வயர் ஒழுங்காக இருக்கிறது. அப்படியென்றால் விடுதிச் சொக்கெட்டா, மைக் செட்டா? சொக்கெட்டைச் சோதிக்கும் அந்தச் சின்ன விளக்குக் கருவி டவுனில் எந்தக் கடையில் கிடைக்கும்?