தென்னாப்பிரிக்காவில் அங்கீகார முத்திரை விழுந்த கணினிப் பாடநூலோடு உங்களுக்கு நேர்ந்தது என்ன?

டர்பன் வாத்தியார்:
2016. லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிர்வகிக்க நாங்கள் நடத்தும் பயிற்சியின் பாடக்கோப்புகளை, அங்கீகாரத்துக்காகச் சரிபார்க்க ஓர் அம்மையார் வந்திருந்தார். கிரெடிட் கணக்கு, அசெசர் (மதிப்பிடுபவர்) கையேடு, கையொப்பங்கள், எல்லாம் நீங்களும் பட்டிருக்கும் பாடுதான். கிளம்பும் நேரத்தில், "ஒரு பயிற்சியை நானே செய்து பார்க்கட்டுமா?" என்றார். கணினி ஆள் இல்லை அவர். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, புத்தகத்தில் இருந்தபடியே ரன்லெவலை, அதாவது கணினி எந்த நிலையில் எழுந்து இயங்கும் என்பதை, மாற்ற இனிட்டாப் என்ற அமைப்புக் கோப்பைத் திறந்தார். வகுப்பறையில் அப்போதுதான் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் வகையை ஏற்றியிருந்தோம். அதில் அந்தக் கோப்பு பெயருக்குத்தான் இருக்கும். கணினியைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருள் வந்த பின் இது பயன்படுவதில்லை, இங்கே எதைச் சேர்த்தாலும் பலன் இராது என்று தலைமாட்டிலேயே எழுதியிருக்கும். அதை உரக்க வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பதிப்பு வேறுபாடு மேடம், சின்ன விஷயம்" என்றேன். டிக் போட்டுவிட்டார்.

மிட்ராண்ட் வாசி:
அவரைக் குறை சொல்லாதீர்கள் ஐயா. அவர் பார்க்க வந்தது ஏட்டுக் கணக்கு. 1 கிரெடிட் என்றால் 10 மணி நேரப் படிப்பு, அது தேறுகிறதா என்பதுதான் கேள்வி. எங்கள் கோப்பு எதற்காகத் திரும்பி வந்தது தெரியுமா? அசெசரின் மதிப்பீட்டை மறுபடி சரிபார்க்கும் மாடரேட்டர் பச்சை மையில் எழுதவேண்டிய இடத்தில் சிவப்பில் எழுதிவிட்டார். சிவப்பு அசெசருக்கு உரியதாம். இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ் பற்றிய பாடத்தில் பாதியைக் காணோம், அதை ஒருவரும் கேட்கவில்லை.

சாட்ஸ்வொர்த் பையன்:
நான் அப்படி ஒரு புத்தகத்தில் படித்தவன். உம்லாங்காவில் நேர்காணல். ரன்லெவலை எப்படி மாற்றுவாய் என்றார்கள். இனிட்டாப் என்று தொடங்கினேன். எதிரே இருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் மரியாதைக்குக் கேட்டவை.

பழைய யூனிக்ஸ்காரன்:
மிட்ராண்ட் நண்பரே, ஏட்டுக் கணக்கு என்று நீங்கள் கைகழுவுவதை ஏற்கமாட்டேன். மை நிறக் கதை எனக்கும் நடந்தது, அது போகட்டும். பாடம் எழுதுகிறவர்கள் முதலில் லினக்ஸ் புரொஃபஷனல் இன்ஸ்டிடியூட் வெளியிடும் தேர்வுத் தலைப்புகளை எடுத்து வையுங்கள். அவர்களின் முதல் நிலைச் சான்றிதழான எல்பிஐசி-1க்கு 101, 102 என்று இரண்டு தாள், தாளுக்கு 60 கேள்வி. ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் எடை உண்டு. ரன்லெவல் தலைப்புக்கு 3, அதில் ரன்லெவலுக்குப் பதிலாக வந்த சிஸ்டம்டியின் பூட் டார்கெட்டும் சேர்த்தி. 2018 அக்டோபரில் அந்தத் தலைப்புகளின் பதிப்பு 5 வந்தது; உங்கள் அட்டையில் எந்தப் பதிப்பு என்று அச்சிட்டிருக்கிறதா? ஒவ்வொரு பயிற்சியையும் புதிதாக நிறுவிய கணினியில், எழுதியவர் அல்லாத ஒருவர் ஓட்டிப் பார்க்கவேண்டும். மின்வெட்டு நாளிலும் ஓட்டுங்கள். பாதியில் அணைந்த கணினியை எழுப்பவும் பாடத்தில் இடம் வேண்டும். நாம் நடத்திவந்த பழைய வகைத் தகுதிப் படிப்புகளில் மாணவர்கள் புதிதாகச் சேருவதற்கான கெடுவும் 2024 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டது. எப்படியும் புதிதாக எழுதத்தானே போகிறீர்கள்?

டர்பன் வாத்தியார்:
யோசனைக்கு நன்றி ஐயா, பிறகு படிக்கிறேன். சாட்ஸ்வொர்த் தம்பி, படித்த இடத்தின் பெயரைச் சொல்லவேண்டாம். புத்தகத்தின் அட்டை நீல நிறமா?